லயத்து நாயும் நாமும்

முற்போக்கு இலக்கிய ஏடொன்றில் நாயைப் பற்றிக் கட்டுரையா என்று வாசக நண்பர்கள் சிலர் புருவத்தை நெரிக்கக்கூடும். நாய் வளர்ப்பு என்றதும் நம்மவர் மனத்தில் எழும் சித்திரம் ஒன்றே: உயர்ந்த மதில், இரும்புக் கேற்று, அதில் ‘கடிநாய் கவனம்’ என்றொரு பலகை, உள்ளே சங்கிலியிற் கட்டுண்டு குரைக்கும் சீமை நாய். அது வசதி படைத்தோரின் பொழுதுபோக்கு என்றும், உழைக்கும் மக்களின் வாழ்வுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை என்றும் நாம் முடிவு கட்டிவிடுகிறோம். முப்பத்தாறு ஆண்டுகளைத் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலைகளிற் கழித்த எமக்கு அந்த முடிவோடு உடன்பட இயலவில்லை. மலையகத்தில் நாயின் கதையைத் தொட்டால், வீட்டுரிமையின் கதையும், குடியுரிமையின் கதையும், பிள்ளைகளின் உயிரும் அதனோடு சேர்ந்தே கையில் வருகின்றன.

ஹேவாஹெட்ட என்ற பெயர் இரண்டு மாவட்டங்களிற் பரந்து கிடக்கிறது. பாத்தஹேவாஹெட்ட கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. மேலே உள்ள மலைப்பகுதி ஹங்குராங்கெத்தப் பிரிவிலடங்கி நுவரெலியா மாவட்டத்தைச் சேர்ந்தது. காகிதத்தில் நுவரெலியாக்காரரான நாம், பெரிய நோய்க்கும் பெரிய சந்தைக்கும் மேற்படிப்புக்கும் கண்டியையே நாடினோம். எமது மலைகளுக்கு அண்டையிலுள்ள லூல்கந்துரத் தோட்டத்திற்றான் 1867 ஆம் ஆண்டில் ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டார். கொயினா மருந்தைத் தரும் சின்கோனா மரத்தை அங்கே வளர்த்தவரும் அவரே. தேயிலையும் மருந்தும் ஒரே மண்ணில் முளைத்த இடம் என்று இதனைச் சொல்லலாம். ஆயினும் அந்த மண்ணைக் கொத்தியவனைத் தேடி மருந்து வருவதற்குச் சட்டம் ஒன்று வேண்டியிருந்தது. தோட்டத் தொழிலாளரின் மருத்துவத் தேவைகளுக்கென முதற்சட்டம் பிறந்தது 1872 இல். அச்சட்டத்தின் வழியில், காலத்தால் உருமாறி வந்த பதவியே எம் பதவி: தோட்ட வைத்திய உதவியாளர். மக்கள் வாயில் அது ‘டாக்டரையா’.

நாம் பிறந்தது 1956 இல், ஒரு லயத்துக் காம்பிராவில். பத்தடிக்குப் பன்னிரண்டடி, அதற்குள் ஏழு பேர். எம் தந்தையார் துரை பங்களாவில் பூந்தோட்ட வேலை பார்த்தவர். அந்தப் பங்களாவில் மூன்று நாய்கள் இருந்தன. அவற்றைக் குளிப்பாட்டவும், உண்ணி எடுக்கவும், மாலையில் உலாவ அழைத்துச் செல்லவும் லயத்துப் பையன் ஒருவன் சம்பளத்துக்கு இருந்தான். கண்டியிலிருந்து மிருக வைத்தியர் காரில் வந்து அவற்றுக்கு ஊசி போட்டுச் செல்வார். அவை செத்தால் பூப்பாத்திக்கு அருகே குழி வெட்டிப் பெயர் எழுதிய கல்லும் நடுவார்கள். தந்தையார் அந்தக் கற்களைச் சுற்றிப் புல் பிடுங்குவார். அந்த நாய்களின் மேல் எமக்கு அன்றும் பகையில்லை, இன்றும் இல்லை. ஒரு பிராணியை எவ்வளவு நன்றாகப் பராமரிக்க முடியும் என்பதை எம் கண்ணுக்குக் காட்டியவை அவையே. எம் நெஞ்சைக் குடைந்த கேள்வி வேறு. அதே மலையில், அதே மழையில், லயத்து நாய்க்கு ஒரு விதி, பங்களா நாய்க்கு இன்னொரு விதி என்று வகுத்தது எது?

லயத்து நாய் எவருக்கும் சொந்தமில்லை. அதனாலேயே எல்லாருக்கும் சொந்தம். முதற் காம்பிராவில் ரொட்டித் துண்டு, மூன்றாங் காம்பிராவில் கஞ்சி, ஐந்தாங் காம்பிராத் திண்ணையில் உறக்கம். மரக்கறிப் பாத்தியில் பன்றி இறங்கினால் முதலில் அறிவது அது. விடியுமுன் பிரட்டுக்குப் போகும் பெண்ணுக்கு இருட்டில் துணை வருவது அது. சிறுத்தை லயத்தோரம் வந்தால் முதற்பலியாவதும் அதுவே. வைரவரின் வாகனம் என்று முதியவர்கள் அதனை மதிப்பார்கள். கோபம் வந்தால் அதன் பெயரையே வசையாக்கித் திட்டுவார்கள். அதே பெயரால் கங்காணி அவர்களைத் திட்டுவான். இவ்வளவு நெருங்கிய உறவிலும் ஒன்று மட்டும் இல்லை. அந்த நாய்க்கு இவர் பொறுப்பு என்று சுட்டிக் காட்ட ஒருவரும் இல்லை.

ஏன் இல்லை? நாய்க்குப் பொறுப்பேற்பவனுக்கு ஒரு வாசற்படியாவது தன்னுடையதாக இருக்க வேண்டும். 1948 ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் எம் மக்களை ஒரே வீச்சில் நாடற்றவர்களாக்கிற்று. 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்குமாகப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரை 1974 இல் இரண்டு அரசுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. மனிதரை எண்ணிப் பிரித்த அக்கணக்கில் நாய்க்கு இடமேது? எம் சிற்றப்பா குடும்பம் புறப்பட்டது எழுபதுகளின் தொடக்கத்தில். தட்டுமுட்டுச் சாமான்களை லொறியில் ஏற்றியபோது அவர்கள் வளர்த்த வீரன் என்ற நாய் சக்கரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. லொறி நகர்ந்ததும் பின்னால் ஓடிற்று. பெரிய ரோட்டுவரை ஓடிய அதனைச் சிற்றன்னை கல்லெறிந்து துரத்தினார். கல்லெறிந்த கையாலேயே முகத்தைப் பொத்திக்கொண்டார். ‘ஒப்பாரிக் கோச்சி’ என்று எம் மக்கள் பெயரிட்ட புகையிரதம் அவர்களைத் தலைமன்னாருக்குக் கொண்டு சென்றது.

வீரன் பூட்டிய காம்பிராவின் முன்னே பல வாரங்கள் கிடந்தது. அப்படிக் கிடந்த நாய்கள் அந்தத் தோட்டத்தில் மட்டும் ஒரு டசினுக்கு மேல். பின்னர் ஒருநாள் எஜமானற்ற நாய்களைச் சுடும்படி கட்டளை பிறந்தது. காலைப் பிரட்டு முடிந்ததும் வெடிச்சத்தம் கேட்கத் தொடங்கிற்று, நண்பகலில் ஓய்ந்தது. எஜமானற்ற நாய்கள்! எஜமானரை நாடு கடத்திவிட்டு நாயை எஜமானற்றது என்று சொல்வதில் உள்ள அநியாயம் எமக்கு அப்போது வார்த்தையாகப் புலப்படவில்லை. வயது பதினைந்து பதினாறு. காதைப் பொத்திக்கொண்டது மட்டும் நினைவிருக்கிறது.

சிற்றப்பா குடும்பத்துக்கு நீலகிரியில், தாயகம் திரும்பியோருக்கென 1968 இல் தமிழ்நாடு அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டத்தில் வேலை கிடைத்தது. அதே நீலகிரியில், குன்னூரில், 1907 முதல் இயங்கி வருகிறது பாஸ்டர் நிறுவனம். விசர்நாய்க்கடிக்கு ஊசிமருந்து செய்த நிறுவனங்களுள் தென்னாட்டின் தலையாயது அது. லூயி பாஸ்டர் வைத்தியரல்லர், இரசாயன விஞ்ஞானி. 1885 ஜூலை 6 அன்று, நாய் கடித்துக் குதறிய ஜோசப் மைஸ்டர் என்ற ஒன்பது வயதுச் சிறுவனுக்கு அவர் ஏற்பாடு செய்த ஊசிகளே மனித குலத்துக்கு இந்நோயிலிருந்து முதல் மீட்சியைத் தந்தன. அதன்பின் ஒன்றே கால் நூற்றாண்டுக்கு மேலாகியும், உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 59,000 பேர் இந்நோயால் மாள்கிறார்கள். பத்தில் நால்வர் பதினைந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள். மருந்து கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது, அது போய்ச் சேரவேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரவில்லை. எம் உத்தியோக வாழ்வு முழுவதும் இந்த இடைவெளியில் நின்றே கழிந்தது.

நாம் உத்தியோகம் ஏற்றது 1980 இல். தோட்டங்கள் 1972, 1975 ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் அரசின் கைக்கு வந்திருந்த காலம் அது. மருந்துச்சாலையில் ஒரு மேசை, ஒரு கொதிகலம், இரண்டு வாங்கு, நிறமிட்ட மூன்று போத்தல் கலவை. நாய்க்கடி என்று வருவோரைப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதி அனுப்புவோம். அக்காலத்து ஊசி, செம்பிள் என்பவர் 1911 இல் கசௌலியில் வகுத்த முறையில் ஆட்டு மூளையிலிருந்து செய்யப்பட்டது. தொப்புளைச் சுற்றி நாளுக்கொன்றாகப் பதினான்கு ஊசிகள் போடுவார்கள் என்ற பேச்சே மக்களைக் கலங்கடித்தது. சிலருக்கு அந்த மருந்தாலேயே நரம்புத் தளர்ச்சியும் வாதமும் வருவதுண்டு. தினமும் ஆஸ்பத்திரிக்குப் போனால் பதினான்கு நாள் பேர் விழாது. பேர் விழாவிட்டால் சம்பளமில்லை. ஆகவே மக்கள் மஞ்சளையும் சுண்ணாம்பையும் நாடினார்கள். மந்திரித்த நூலைக் கட்டினார்கள். இதனை மூடத்தனம் என்று மட்டும் சொல்லி ஒதுக்க எமக்கு மனம் வருவதில்லை. பதினான்கு நாட் சம்பளத்தை இழக்க முடியாதவனுடைய வைத்தியம் அது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் அயற்றோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தகப்பன் எட்டு வயது மகனைத் தோளிற் சுமந்து எமது மருந்துச்சாலைக்கு வந்தார். இரண்டு நாட்காய்ச்சல்; கையில் ஓரிடத்தில் குறுகுறுப்பு என்று பையன் சொறிந்துகொண்டே இருந்தான். ‘தண்ணி குடிக்க மாட்டேங்கிறான், டாக்டரையா’ என்றார். தேநீர்க் கோப்பையை நீட்டினோம். அதனைக் கண்டதுமே தொண்டை இறுகி, உடல் வெட்டி, கண்கள் மிரண்டன. சன்னற் காற்றுப் பட்டபோதும் அப்படியே. வேறு சோதனை தேவைப்படவில்லை. மூளைக்குள் கிருமி புகுந்து குறிகள் வெளிப்பட்ட பின் இந்நோய்க்கு மருந்தில்லை. அனேகமாக எவரும் பிழைப்பதில்லை. கண்டிக்கு அனுப்பினோம். மூன்றாம் நாள் தோட்ட லொறியில் பிரேதம் வந்தது.

கடித்தது பெரிய நாயன்று. இரண்டு மாதக் குட்டி. ஏழு வாரங்களுக்கு முன்னே, விளையாடும்போது பல் பட்டுத் தோல் கிழிந்திருக்கிறது. குட்டி சில நாளில் செத்துப் போயிருக்கிறது. ‘குட்டிதானேங்கையா, பல்லுகூட ஒழுங்கா மொளைக்கலியே’ என்று தாய் திரும்பத் திரும்பச் சொல்லி அழுதார். குட்டிக்கு விசர் வராது என்பது அந்த மலைகளில் ஊன்றியிருந்த நம்பிக்கை. அந்தக் குட்டி வந்த வழியைப் பிற்பாடு விசாரித்தோம். பிஸ்கட் பெட்டிக்குள் நான்கு குட்டிகளை வைத்து யாரோ காரில் கொண்டுவந்து தோட்ட ரோட்டுத் திருப்பத்தில் விட்டுச் சென்றிருக்கிறார்கள். பையன் இரக்கப்பட்டு ஒன்றைச் சட்டைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டு வந்தான். பெட்டியை இறக்கிவிட்டவருக்கு வீடு உண்டு, மதில் உண்டு, காரும் உண்டு. அவருடைய பொறுப்பின்மையின் விலையை லயத்துப் பிள்ளை கொடுத்தான். நகரத்தார் வேண்டாத குட்டிகளை, பெரும்பாலும் பெட்டைக் குட்டிகளை, பன்சலை வாசலிலும் பாடசாலை வாசலிலும் தோட்ட எல்லையிலும் கொண்டு விடுவதை நாம் வாழ்நாளெல்லாம் கண்டு வந்திருக்கிறோம். அதனைச் செய்வோர் நல்லவர்களாகவே தம்மைக் கருதுகிறார்கள். கொல்லவில்லையே என்று ஆறுதலும் அடைகிறார்கள்.

இந்த மரணத்துக்குப் பிறகு அந்தத் தோட்டத்தில் நடந்தது பழைய வழக்கமே. நஞ்சிட்ட இறைச்சி வைக்கப்பட்டது, நாய்கள் மாண்டன, ஓராண்டு செல்லுமுன் புதிய நாய்கள் வந்து சேர்ந்தன. இதன் காரணம் எளிது. எச்சிற்சோறும் குப்பையும் இருக்குமிடத்தில் நாய்க்கு இடம் காலியானால் அயலிலிருந்து வேறு நாய் வந்து அதனை நிரப்பும். பிறக்கும் குட்டிகளும் அதிகம் பிழைக்கும். கொல்லப்பட்டவற்றுள் தடுப்பூசி பெற்றவையும் இருந்தால், நோயைத் தடுத்து நின்ற வேலியையே நாம் பிடுங்கி எறிந்தவராவோம். நாய்க்கூட்டத்தில் நூற்றுக்கு எழுபதுக்குத் தடுப்பூசி போட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலகெங்கும் கண்டறிந்த உண்மை. இலங்கையில் 1973 ஆம் ஆண்டில் மட்டும் 377 பேர் விசர்நாய்க்கடியால் இறந்தார்கள். அதன்பின் தொடங்கிய தடுப்பூசி இயக்கத்தாலும், மனிதருக்கான நல்ல ஊசிமருந்தாலும் அண்மைய ஆண்டுகளில் அத்தொகை இருபது, முப்பது என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறது. 2006 இல் அரசு நாய்களைக் கொல்வதை நிறுத்திற்று. அதற்குப் பின்னும் மரணங்கள் பழைய அளவுக்கு ஏறவில்லை. துப்பாக்கி செய்யாததை ஊசி செய்தது.

எம் துணைவியார் அதே தோட்டத்து மருத்துவ மாது. எம் இல்வாழ்க்கை இரண்டு கைவிளக்குகளின் வாழ்க்கை. நடுச்சாமத்தில் கதவு தட்டப்பட்டால், பிரசவமென்றால் அவர் எழுவார். காய்ச்சல், வெட்டுக்காயம் என்றால் நாம் எழுவோம். இரண்டு பெண்மக்களை வளர்த்ததிலும் பாதி, அயல் வீட்டாரின் கை. மணி என்ற பெட்டை நாய் எம் வீட்டுக்கு வந்தது, அந்தப் பையன் இறந்த மறு ஆண்டில். அதுவும் ரோட்டில் விடப்பட்ட குட்டியே. மூத்த மகள் தூக்கி வந்தாள். ‘வளர்ப்பதென்றால் ஒழுங்காக வளர்ப்போம், இல்லையேல் இன்றே வேண்டாம் என்று சொல்லுங்கள்’ என்றார் துணைவியார். ஒழுங்கு என்பது என்னவென்று குடும்பமாக உட்கார்ந்து எழுதினோம். குட்டிப் பருவத்திலேயே ஊசி; பின் ஆண்டுக்கொருமுறை ஊசி. இரவில் வெளியே அலைய விடுவதில்லை. சோறு நேரத்துக்கு, தண்ணீர் எப்போதும். சங்கிலியில் நாள் முழுதும் கட்டிப் போடுவதில்லை. குட்டி போடாதபடி சத்திரசிகிச்சை. எம்மால் இயலாத காலம் வந்தால் இன்னொருவர் கையில் ஒப்படைப்பதேயன்றி ரோட்டில் விடுவதில்லை.

சத்திரசிகிச்சைக்கு மணியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் மிருக வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டியிருந்தது. பஸ்ஸில் நாயை ஏற்ற மாட்டார்கள், வான் பிடித்தோம். வான் கூலி ஒரு கொழுந்து பறிக்கும் பெண்ணின் பல நாட்சம்பளம். உத்தியோகத்தரான எமக்கே அது சுமையாயிற்று. அந்த வழியெல்லாம் எமக்கு ஒரே சிந்தனை. நாம் எழுதி ஒட்டிய ஒழுங்கு லயத்துக்குப் போக வேண்டுமானால், ஊசியும் கத்தியும் லயத்துக்குப் போக வேண்டும்.

போகச் செய்வதற்குப் பல ஆண்டுகள் பிடித்தன. அரசின் நாய்த் தடுப்பூசி இலவசம். ஆனால் அதனைப் போடுவோர் பெரிய ரோட்டுச் சந்தியில் நிற்பார்கள். லயமோ மூன்று மைல் மேலே. அவர்கள் வருவது வேலைநாட் காலையில். நாயைப் பிடித்துவர வேண்டியவர் அப்போது மலையில் கொழுந்து எடுக்கிறார். மாவட்ட எல்லை இன்னொரு தடை: ஒரு பக்கத்து நாய்க்கு ஊசி போட்டால் மறுபக்கத்து நாய்க்கு அடுத்த மாதம். நாய் எந்த வரைபடத்தைப் படித்தது? நாம் கேட்டதெல்லாம், ஞாயிற்றுக்கிழமையில் வாருங்கள், லயத்துக்கே வாருங்கள், இரண்டு பக்கமும் ஒரே வாரத்தில் வாருங்கள் என்பதுதான். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் ஒருவர், சிங்கள இளைஞர், இதனைத் தம் காரியமாக எடுத்துக்கொண்டார். முதல் ஞாயிற்றுக்கிழமை சாக்கிலும் சேலைத் துண்டிலும் கட்டிப் பிள்ளைகள் நாய்களைக் கொண்டு வந்தார்கள். பிடிபடாத நாய்க்கு ரொட்டி காட்டிப் பிடிப்பதில் ஐந்து வயதுப் பிள்ளைக்கு உள்ள திறமை பெரியவர் எவருக்கும் இல்லை.

கருத்தடைச் சத்திரசிகிச்சைக் குழு தோட்டத்துக்கு வர முன்வந்தபோதுதான் எதிர்ப்பு எழுந்தது. பிள்ளைக் காம்பிரா முற்றத்தில் கூட்டம் கூடினோம். விஷயத்தைச் சொல்லி முடிக்குமுன் பின்வரிசையிலிருந்து ஒரு மூதாட்டி எழுந்தார். ‘மொத எங்களுக்குப் பண்ணுனீங்க. இப்ப எங்க நாய்க்குமா, டாக்டரையா?’

கூட்டம் அமைதியாயிற்று. எம் துணைவியார் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்குத் தெரியும். எண்பதுகளில் கருத்தடைச் சத்திரசிகிச்சைக்கு அரசு பணம் கொடுத்த காலத்தில், தோட்டப் பெண்கள் லொறிகளில் ஏற்றப்பட்டுச் சென்றதை அவர் கண்டவர். காசும் லீவும் காட்டிப் பெறப்பட்ட சம்மதம் அது. இது மீளாத சிகிச்சை என்பதையும், வேறு வழிகளும் உண்டு என்பதையும் அப்பெண்களுள் எத்தனை பேருக்கு யார் விளக்கினார்கள்? தோட்டத்துக்கு வெளியே இருந்த பெண்ணுக்குக் கேட்டுச் செய்தது, தோட்டத்துப் பெண்ணுக்குக் கேளாமலே நடந்தது. இருபது ஆண்டுகள் நெஞ்சிற் கிடந்த அந்த அவமானம் நாயின் பெயரால் அன்று வெளிப்பட்டது.

துணைவியார் எழுந்து அந்த மூதாட்டியின் அருகிற் போய் உட்கார்ந்தார். ‘நீங்க சொல்றது சரிதான் அம்மா. ஒங்களைக் கேட்காம செஞ்சது அநியாயம். அதனாலதான் இன்னைக்குக் கேட்க வந்திருக்கோம். வேண்டாமுன்னு சொல்ல ஒங்களுக்கு உரிமை இருக்கு’ என்றார். பின்னர் பெட்டை நாய் ஆண்டுக்கு இரண்டு முறை ஈனுவதையும், அக்குட்டிகள் போகும் வழியையும், அயற்றோட்டத்துப் பையனின் கதையையும் மெதுவாகச் சொன்னார். அன்று ஒருவரும் கையொப்பமிடவில்லை. அடுத்த வாரம் மூவர் வந்தார்கள். மூன்றாமவர் அந்த மூதாட்டி. ‘எனக்கு இனிமே ஏலாது, இதையாச்சும் ஒருத்தரைக் கேட்டுச் செய்யட்டும்’ என்று சொல்லித் தம் நாயைக் கொடுத்தார். ஓராண்டில் அத்தோட்டத்துப் பெட்டை நாய்களிற் பெரும்பாலானவை சிகிச்சை பெற்றுவிட்டன.

எம் வாழ்நாட்பாடம் இந்த முற்றத்திற் கிடைத்தது. பொறுப்பு என்பது மேலேயிருந்து கட்டளையாக இறக்கக்கூடிய சரக்கன்று. ‘கேட்கப்பட்டவன்’ என்ற நிலை மனிதனுக்குக் கிட்டும்போதே அது அவனிடம் வேர் பிடிக்கிறது. தன் உடம்பின் மேல், தன் வீட்டின் மேல், தன் வாசலின் மேல் உரிமை இல்லாதவனிடம் போய் உன் நாய்க்குப் பொறுப்பாயிரு என்பது கேலிப் பேச்சு.

சட்டத்தையே பாருங்கள். விசர்நாய்ச் சட்டம் 1893 முதல் இந்நாட்டில் இருக்கிறது. நாய்களைப் பதிவு செய்யும் சட்டம் 1901 முதல் இருக்கிறது. பதிவுத் தாளில் எஜமானின் பெயருக்குக் கீழே முகவரி எழுத வேண்டும். லயத்தானுக்கு முகவரி ஏது? அவன் கடிதமே தோட்டக் கந்தோரின் பெயருக்கு வந்து, அங்கே கிடந்து, பின் கைக்கு வருகிறது. பதிவு செய்வது பிரதேச சபையின் கடமை. 1987 ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டமோ தோட்டங்களுக்குள் சபையின் சேவை நுழைவதற்குத் தடையாயிருந்தது. 2018 இற்றான் அது திருத்தப்பட்டது. அதுவரை எம் மக்கள் வாக்களித்துத் தெரிந்த சபை, அவர்கள் நாய்க்கு ஒரு பட்டி கட்டவும் தயங்கிற்று. நாடற்றவர் என்ற இழிவு சட்டத்திலிருந்து பெருமளவு நீங்கியதும் 2003 ஆம் ஆண்டின் சட்டத்தாலேயே. 2015 இற்குப் பின் ஏழு பேர்ச் காணியோடு தனிவீடு பெற்ற குடும்பங்கள் சில எம் பகுதியில் உண்டு. அந்த வீடுகளுக்குப் போய்ப் பாருங்கள். வேலி கட்டியிருக்கிறார்கள், படலை வைத்திருக்கிறார்கள், நாய்க்கு ஊசி போட்ட அட்டையைப் பிள்ளைகளின் பிறப்புச் சாட்சிப் பத்திரத்தோடு ஒரே உறையில் வைத்திருக்கிறார்கள். மனிதர் மாறவில்லை, அவர்கள் காலடியில் நிலம் வந்திருக்கிறது.

இவ்வளவு சொன்னபின், உரிமை வந்த பிறகே பொறுப்பு என்று கைகட்டி இருக்கலாமா என்ற கேள்வி எழும். எழ வேண்டியதே. வீட்டுரிமைக்குக் காத்திருக்கலாம், விசர்நோய்க் கிருமி காத்திருப்பதில்லை. மேலும், தமக்கிழைக்கப்பட்ட கொடுமையைத் தமக்குக் கீழே உள்ள வாயில்லாப் பிராணியின் மேல் இறக்கிவைக்கும் பழக்கம் ஒடுக்கப்பட்டவரிடமும் உண்டு. நாயைக் கல்லாலடிக்கும் பையனின் கையில் கங்காணியின் கோபமும் இருக்கிறது. அதனை விளக்கலாம், நியாயப்படுத்தலாகாது. தன் முற்றத்து உயிர் ஒன்றைப் பட்டினியின்றி, நோயின்றிக் காப்பவன் தன் மனிதத் தன்மையை ஒரு பிடி கூடுதலாக மீட்டுக்கொள்கிறான் என்பதை நாம் கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

அதே வேளையில், நாயை நேசிப்போர் சிலர் மனிதரை மறந்துவிடுவதையும் நாம் ஏற்கவில்லை. 2025 ஆகஸ்ட் 11 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் தில்லித் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்க ஆணையிட்டது. ஆகஸ்ட் 22 அன்று அதனைத் திருத்தி, விசர் கண்டவையும் மூர்க்கமானவையும் தவிர்த்த ஏனையவற்றைக் கருத்தடையும் தடுப்பூசியும் செய்து பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. இடைப்பட்ட நாட்களில் எழுந்த ஆரவாரத்தில் ஒரு பக்கத்தார் நாய்க்காக அழுதார்கள். மறுபக்கத்தார் நாயைச் சபித்தார்கள். தெருவில் படுத்துறங்கும் தொழிலாளியின் பிள்ளையையே நாய் முதலிற் கடிக்கிறது என்பதையும், அதே பிள்ளைதான் அந்நாயோடு தன் சோற்றைப் பகிர்கிறது என்பதையும் இரண்டையும் ஒருங்கே சொன்னவர் குறைவு. எம் பக்கம் அந்தப் பிள்ளையின் பக்கம்.

நாம் ஓய்வு பெற்றது 2016 இல். மணி அதற்கு முன்பே முதுமையில், எம் திண்ணையில், நோயின்றிக் கண்மூடிற்று. மூத்த மகள் இப்போது ஒரு தோட்டப் பாடசாலையில் ஆசிரியை. அவளுடைய ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வோராண்டும் லயம் லயமாகச் சென்று நாய்க் கணக்கெடுக்கிறார்கள். பெயர், நிறம், ஆணா பெண்ணா, ஊசி போட்ட திகதி, யார் பொறுப்பு என்று ஐந்து நிரல் கொண்ட கொப்பி. கடைசி நிரலில் முதலாண்டில் ‘எல்லாரும்’ என்று எழுதிக்கொண்டு வந்தார்கள். இப்போது அந்த நிரலிற் பெயர்கள் இருக்கின்றன. சில இடத்தில் இரண்டு, மூன்று பெயர்கள். பொதுவில் வளர்ப்பதைக் கைவிடத் தேவையில்லை. பொதுவுக்கும் பெயர்கள் வேண்டும் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிட்டார்கள். தடுப்பூசிக் குழு வரும் ஞாயிற்றுக்கிழமையில் அந்தக் கொப்பியே வழிகாட்டி.

இதனைப் படிக்கும் ஆசிரிய நண்பர்களிடமும் மாணவத் தோழர்களிடமும் எமக்கு வேண்டுகோள் உண்டு. நாய் கடித்தாலோ கீறினாலோ, குட்டியேயானாலும், உடனே ஓடும் தண்ணீரில் சவர்க்காரமிட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும் என்பதை உங்கள் வகுப்பில் வாய்ப்பாடு போலச் சொல்லிக் கொடுங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். அன்றே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். இன்றைய ஊசி பழைய பதினான்கு ஊசியன்று. கையிற் போடும் சில ஊசிகளோடு முடிந்துவிடும். கடித்த நாயை உடனே கொன்றுவிடாமல் பதினான்கு நாள் கட்டிவைத்துக் கவனிக்க வேண்டும். இடையில் அது செத்தால், தலையை ஐஸ் பெட்டியிலிட்டுச் சோதனைக்கு அனுப்பினால் உண்மை தெரிந்துவிடும். கொழும்பு மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் அதற்கு வசதி உண்டு. இத்தனையையும் ஒரு பாடவேளையிற் சொல்லி முடிக்கலாம்.

மிகுதி, பாடவேளைக்கு வெளியே உள்ள வேலை. உங்கள் பிரதேச சபை கடந்த ஆண்டில் எத்தனை லயங்களுக்குத் தடுப்பூசிக் குழுவை அனுப்பிற்று என்று எழுதிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமையில் அனுப்பச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால் மீண்டும் எழுதுங்கள். வீட்டுக்கும் நிலத்துக்கும் முகவரிக்கும் நடக்கும் போராட்டங்களில் தோள் கொடுங்கள். உங்கள் ஊரில் யாரேனும் குட்டிகளைப் பெட்டியிலிட்டுக் காரில் ஏற்றக் கண்டால், எங்கே கொண்டு போகிறீர்கள் என்று நின்று கேளுங்கள்.